முட்டை தொடாதவள் செய்த முட்டைத் தட்டு

நான் பிறந்ததிலிருந்து முட்டையைத் தொட்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தாமிரபரணிக் கரையில், பெருமாள் கோயில் மதிலுக்கு எதிர்த்த வீட்டில் பிறந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். எங்கள் தெருவில் முட்டை என்ற சொல்லையே பரீட்சையில் கோட்டை விட்ட பையன்களைத் திட்டுவதற்கு மட்டும்தான் எடுப்பார்கள். அப்படி வளர்ந்த நான், ஐம்பத்தைந்து வயதில், மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த வேலைக்கு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, தூத்துக்குடிக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் முட்டைத் தட்டு செய்யும் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினேன்.

ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சுற்றுச்சூழல், மறுசுழற்சி என்று கௌரவமான பதில்களைச் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம் வேறு. முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவள் நான். "நீரின் வேதியியல் பெயர் தண்ணீர்" என்று எழுதியவர்களுக்கெல்லாம் மனசாட்சியை அடகு வைத்து அரை மார்க் போட்டவள். என்னைப் படாத பாடு படுத்திய அந்தக் காகிதங்களைத் தொட்டியில் போட்டு, ஊறவைத்து, கூழாக அரைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருஷமாக இருந்தது. பழைய நோட்டுப் புத்தகங்கள் முதன்முதலாக அரைபட்ட அன்று நான் தொட்டியின் ஓரத்தில் நின்று ரசித்ததைப் பார்த்து, வேலைக்கு வந்த பெண்கள் கொஞ்சம் பயந்துவிட்டார்கள்.

சொந்தக்காரர்களிடம் "பேக்கிங் தட்டு" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர்களாகவே அதை ஆப்பிள் தட்டு என்று முடிவு செய்துகொண்டார்கள். நான் திருத்தவில்லை. வாழ்க்கை முழுக்கத் திருத்தியாகிவிட்டது, இது ஒன்றை விட்டால் என்ன என்று இருந்துவிட்டேன். முட்டை விஷயம் தெரிந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மெஷின் வாங்கப் போகிறேன் என்றபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. செய்தித்தாளை ஒரு பக்கம் திருப்பினார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அது சம்மதம் என்று எனக்குத் தெரியும்.

வேலை பார்க்கச் சுலபமானது. பழைய காகிதத்தைத் தண்ணீரில் அரைத்தால் கஞ்சி பதத்தில் கூழ் வரும். முப்பது குழி வைத்த வலை அச்சு ஒன்று அதற்குள் முங்கி எழும். அடியிலிருந்து பம்பு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, வலையின் மேல் காகிதக் கூழ் தட்டாகப் படிந்துவிடும். அதைக் கழற்றி வெயிலில் காயவைத்தால் முடிந்தது. தூத்துக்குடி வெயில் உப்பையே காயவைக்கிற வெயில், தட்டு எம்மாத்திரம்? காலையில் ஊற்றியது மத்தியானம் கலகலவென்று காய்ந்துவிடும். தட்டிப் பார்த்தால் அப்பளம் மாதிரி சத்தம் கேட்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் திமிரோடுதான் முட்டை வியாபாரி அண்ணாச்சியிடம் போனேன். பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவருக்குக் குடோன் இருந்தது. அங்கிருந்து தோணியில் மாலத்தீவுக்கு முட்டை அனுப்புகிறவர். உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டு ஊரிலிருந்து வந்து கடை வைத்துப் பெரிய ஆளானவர். என் தட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், மோந்து பார்த்தார், ஓரத்தைக் கொஞ்சம் கிள்ளிக்கூடப் பார்த்தார். நூறு தட்டு வாங்கிக்கொண்டார். இரண்டே நாளில் போன் வந்தது.

"டீச்சர், தட்டு பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு. காலைல ஒண்ணுமேல ஒண்ணா அட்டி போட்டா சாயங்காலம் தோசை கணக்கா மடங்குது. நான் மாலத்தீவுக்கு முட்டை அனுப்புதேனா, ஆம்லெட் அனுப்புதேனா, நீங்களே சொல்லுங்க."

குற்றம் கடல் காற்றினுடையது. என் கொட்டகை ஊருக்கு வெளியே வறண்ட பக்கம் இருந்தது. அவர் குடோனோ கடலைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. உப்பு ஈரம் ஏறியதும் காகிதம் தளர்ந்துவிட்டது. அதுவும் பல தடவை அரைபட்ட பழைய காகிதத்தில் நார் எல்லாம் குட்டை குட்டையாகத் தேய்ந்துபோயிருக்கும். ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளத் திராணி இருக்காது. நீளமான, புதிய நார் கொஞ்சம் கலந்தால் தட்டுக்கு முதுகெலும்பு கிடைக்கும். இதெல்லாம் எனக்குத் தெரிந்த பாடம்தான். எந்த நார் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டது என் தப்பு. ஆளாளுக்குத் தங்கள் ஊரில் வீணாகக் கிடப்பதை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். அண்ணாச்சி பனம்பழத்து நாரைச் சொன்னார். "எங்க ஊர்ல சும்மா கெடக்கு டீச்சர், இரும்பு மாதிரி இருக்கும்." இரும்பு மாதிரிதான் இருந்தது. எவ்வளவு வேகவைத்தும் இளகாமல், காய்ந்த தட்டில் விறைத்துக்கொண்டு நின்றது. முப்பது குழியிலும் ஒரு வாரத் தாடி. மெஷின் ரிப்பேர்காரர் நெல் உமியைப் போடச் சொன்னார். போட்டோம். தட்டு கொஞ்சம் விறைத்ததென்னவோ உண்மை. ஆனால் எடுத்தவர் கையையெல்லாம் கீறியது, கீழே விழுந்தால் பிஸ்கட்டாக உடைந்தது. பிறகு நானே மூளையைப் பயன்படுத்தி மரவள்ளி மாவுக் கஞ்சியைக் கலந்தேன். அது அருமையாக ஒட்டிக்கொண்டது. தட்டுகளை வரிசையாக வெயிலில் வைத்துவிட்டு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். திரும்பி வந்தபோது பக்கத்துக் காட்டு ஆடுகள் இரண்டு வரிசையைச் சாப்பிட்டு முடித்து மூன்றாவதில் இருந்தன. முப்பது வருஷ விடைத்தாளை அவ்வளவு ருசித்துப் படித்தவர்களை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கடைசியில் என் ஊர்தான் கைகொடுத்தது. தாமிரபரணிப் பாசனத்தில் வாழைத்தார் வெட்டிய பிறகு மரத்தை அப்படியே வரப்போரம் தள்ளிவிடுவார்கள், அது அங்கேயே அழுகும். அந்த மட்டைகளை ஒரு லோடு கொண்டுவந்து, நறுக்கி, சோடாக் காரம் போட்டுப் பெரிய அண்டாவில் வேகவைத்து, அலசிப் பிழிந்தோம். பட்டு நூல் மாதிரி நார் வந்தது. பத்துப் பங்கு காகிதத்துக்கு ஒரு பங்கு வாழைநார், கூடவே ஈரத்தைத் தள்ளப் படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் கொஞ்சம். காய்ந்த தட்டை இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தேன். வளைந்து கொடுத்தது, ஆனால் கிழியவில்லை. அண்ணாச்சியின் பனை தோற்று என் வாழை ஜெயித்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க நான் பெரிய முயற்சி எடுத்ததாகச் சொல்ல முடியாது.

இந்த முறை அவரிடம் கொண்டுபோவதற்கு முன்னால் நானே சோதித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சோதிக்க ஈரமான இடம் வேண்டும். கொட்டகையில் ஈரம் இல்லை. மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினால் கார்த்திகை மாதத்துக் கடற்கரை தோற்றுப்போகும். ஆனால் வீட்டுக்குள் முட்டை வர முடியாது. பக்கத்துத் தளிகை உள்ளில், அதாவது சமையலறையில், பெருமாள் இருக்கிறார், சாளக்கிராமம் இருக்கிறது, என் நாத்தனார் எந்த நேரமும் வந்து இறங்குவார். யோசித்துப் பார்த்தேன். ஒரு முட்டையின் எடையை அண்ணாச்சிக் கடையில் போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன். அதே எடையில் முப்பது எலுமிச்சம்பழம் பொறுக்கி வாங்கினேன். தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். எடையில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க முப்பது போதாது என்று, மேல்தட்டுகளுக்குப் பதில் ஒரு அரிசி மூட்டையை வைத்துவிட்டு, வெந்நீரைத் திறந்து, கதவைச் சாத்தினேன். மறுநாள் மத்தியானம் மூட்டையை இறக்கிவிட்டு இன்னொரு தடவை வெந்நீரைத் திறந்துவிட்டிருந்தேன். கதவைத் திறந்த என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். புகையாக ஆவி. அதற்கு நடுவே அழுக்குச் சாம்பல் நிறத் தட்டில் ஐந்துக்கு ஆறாக வரிசை பிசகாமல் எலுமிச்சம்பழம்.

"ஏண்டி, யாருக்கு?" என்றார்.

"எது யாருக்கு?"

"செய்வினை. யாருக்குன்னு சொல்லிட்டா, அவாளைத் தெருவில பார்க்கறச்சே நான் கொஞ்சம் தள்ளியே நிப்பேன்."

விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, தட்டின் அடியில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். "ஈரம் ஏறியும் தளரலையே" என்றார். அவர் வாயிலிருந்து அது பாராட்டு. கணக்கு வாத்தியாரும் வேதியியல் வாத்தியாரும் சேர்ந்து அரைமணி நேரம் எடை, அழுத்தம், பரப்பளவு என்று பேசினோம். இரண்டு எம்.எஸ்ஸி., இரண்டு பி.எட். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒரு சின்ன விஷயத்தை, கடைத்தெருவில் முட்டை வாங்கப் போகிற எந்தக் குழந்தையும் சொல்லியிருக்கும்.

அண்ணாச்சியின் குடோனில் லோடுமேன் ஒருவர் என் புதுத் தட்டில் முட்டைகளை மளமளவென்று வைத்தார். நிறைந்ததும் இரண்டு கையாலும் தூக்கினார். தட்டு வந்தது. ஏழெட்டு முட்டை வரவில்லை. குழிகளின் அடியைக் குத்திக்கொண்டு கீழே இறங்கி, அங்கேயே உடைந்து, வழிந்துகொண்டிருந்தன. மற்ற இடமெல்லாம் தட்டு கல் மாதிரி இருந்தது. அடியில் மட்டும் ஓட்டை.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "டீச்சர், முட்டை கூர்முனை கீழதானே நிக்கும். அந்த முனைதான குத்துது. நீங்க எதை வச்சுப் பாத்தீய?"

பொய் சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லு என்று மிரட்டிய பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. "எலுமிச்சம்பழம்."

குடோனில் யாரும் உடனே சிரிக்கவில்லை. அதுதான் மோசம். சொன்னது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு லோடுமேன் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார், சிரிப்பதற்கு வசதியாக. அண்ணாச்சி மட்டும் மரியாதைக்காக மீசையைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தார், தோள் குலுங்கியது. எலுமிச்சம்பழம் படுத்திருக்கும், முட்டை நிற்கும். என் பட்டங்கள் எல்லாம் அந்த ஒரு இடத்தில் விழுந்தன. அன்றிலிருந்து பழைய துறைமுகம் பக்கம் எனக்கு எலுமிச்சம்பழ டீச்சர் என்று பெயர்.

சிரித்து முடித்ததும் அவர் வியாபாரி ஆகிவிட்டார். "இன்னும் ஒரே தடவ பாப்போம். ஐப்பசி மழை பிடிச்ச பொறவு, ஆறு தட்டு, முட்டையோட, ஒரு வாரம் என் குடோன்ல அட்டியில இருக்கட்டும். நின்னுட்டா இந்த சீசன் பூரா உங்க தட்டுதான். நிக்கலன்னா நான் பிளாஸ்டிக் தட்டுக்குப் போயிருவேன். பொறவு என்கிட்ட இந்தப் பேச்சையே எடுக்கப்பிடாது, சரியா?"

சரி என்றேன். வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேறு பெரிய வியாபாரி யாரும் என் தட்டை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இது போனால் கொட்டகையை மூட வேண்டியதுதான். மூடினால் என்ன ஆவேன் என்பதை என் நாத்தனார் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். தை பிறந்ததும் தெருப் பெண்களுக்கு மாலையில் சுலோக வகுப்பு, காலையில் மாடியில் பிளஸ் டூ டியூஷன். எனக்கு அது வேண்டாம். சுலோகத்தின் மேல் கோபம் இல்லை. ஆனால் நான் ஐம்பத்தைந்து வயதில் முதல்தடவையாக எனக்கே எனக்கென்று ஒன்றை ஆரம்பித்திருந்தேன். அது சரிந்து விழ, அதைப் பார்த்து எல்லோரும் பரிவோடு தலையசைப்பதைப் பார்க்க நான் தயாராக இல்லை. அந்த ஆர்டர் எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் வேண்டும்.

ஓட்டைக்குக் காரணத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை. கூழ்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி புன்னைக்காயலிலிருந்து தினம் பஸ்ஸில் வருவாள், அவள் வீட்டுக்காரர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். நான் நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து, குழியின் கோணம், சரிவு என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மாதாவே, இதுக்கு எதுக்கு டீச்சர் படம்? கஞ்சியக் கலக்காம மோந்தா தண்ணிதான வரும்? வாழைநார் மேல மெதக்குது, அச்சு மேலாப்புல பிடிச்சுக்கிடுது. குழிக்குள்ள வெறும் காயிதம்தான் எறங்குது."

எட்டிப் பார்த்தேன். ஆமாம். நார் நீளம் அதிகமாக இருந்ததால் கூடிக்கூடித் திட்டாக மிதந்துகொண்டிருந்தது. மறுநாள் அவள் வீட்டிலிருந்து ஒடிந்த துடுப்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். பாதிதான் இருந்தது, ஆனால் எங்கள் தொட்டிக்கு அளவெடுத்த மாதிரி. நாரை இன்னும் பொடியாக, நகத்தின் நீளத்துக்கு நறுக்கினோம். இன்னும் ஒரு மணி நேரம் கூட வேகவிட்டோம். ஒவ்வொரு முறை அச்சு முங்குவதற்கு முன்னாலும் அவள் அந்தத் துடுப்பால் அடியோடு ஒரு கலக்கு கலக்குவாள். காய்ந்த தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது குழியின் அடி வரைக்கும் நார் கோடு கோடாக ஓடியிருந்தது.

இந்த முறை நிஜ முட்டை. கொட்டகையில் வைத்து அவள்தான் அடுக்கினாள். நான் இரண்டடி தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "கூர்முனை கீழே, கூர்முனை கீழே" என்று புதிதாகக் கற்ற பாடத்தை அவளுக்கே நடத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், ஒண்ணு எடுத்துப் பாருங்க, கடிக்காது" என்றாள். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். தட்டு தாங்கியது. ஈரச் சாக்குப் போட்டு மூடிவைத்துப் பார்த்தோம், அப்போதும் தாங்கியது.

மழை பிடித்தது. ஆறு தட்டு, நூற்றெண்பது முட்டை, அண்ணாச்சியின் குடோனில் கடல் பக்கத்து வாசலை ஒட்டி அட்டி ஏறியது. ஒரு வாரத்துக்கு யாரும் தொடக்கூடாது, நானும் வந்து எட்டிப் பார்க்கக்கூடாது என்றார். அந்த ஒரு வாரம் மழை என்னை வைத்து விளையாடியது. என் வீட்டுக்காரர் தினமும் காலையில் கொடியில் கிடக்கும் தன் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் காயலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். ஆறுதல் சொல்வதில் அவருக்கு நிகர் அவர்தான்.

எட்டாவது நாள் மத்தியானம் தூறலில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் என்னை இறக்கிவிட்டார். உள்ளே வரவில்லை. வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். அந்த ஸ்கூட்டரைத் திருடுகிறவன் இன்னும் பிறக்கவில்லை. குடோனின் வாடைதான் காரணம் என்று இருவருக்கும் தெரியும்.

அட்டி நின்றுகொண்டிருந்தது. ஓரம் சரியவில்லை, மூலை தொங்கவில்லை. தட்டைத் தொட்டால் ஈரம் தெரிந்தது, ஆனால் விறைப்பு இருந்தது. நான் மூச்சை விட்டேன். அண்ணாச்சி விடவில்லை.

"நிக்கது சரி டீச்சர். தோணியில முட்டை சும்மா நிக்காது. மூணு நாளு கடல்ல போவணும். நம்ம ஆளுவ அட்டி மேல பலகையப் போட்டுத்தான் உக்காருவானுவ, படுப்பானுவ. அதையும் பாத்துருவோம்." திரும்பி, "ஏலே, இங்கன வா" என்று கூப்பிட்டார்.

வந்தது அன்றைக்கு மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்த லோடுமேன். அவர் வாசலில் வந்து நின்றதும் குடோனில் வெளிச்சம் குறைந்தது. அவர் உட்கார்ந்தால் என் தட்டு என்ன, பிளாஸ்டிக் என்ன, சிமென்ட்டே யோசிக்கும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு வகுப்பறைக் குரல் வந்துவிடும்.

"இது நியாயமே இல்லை அண்ணாச்சி. சோதனைன்னா சராசரி எடையில வைக்கணும். தோணியில இவர் மாதிரி எத்தனை பேர் போறா? சாதாரண எடை உள்ள ஒருத்தரை உட்கார வைங்கோ. என் எடை இருந்தாலே ஜாஸ்தி."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணாச்சியின் முகம் மெதுவாக மலர்ந்தது.

"சரியாச் சொன்னீய டீச்சர். நீங்களே உக்காருங்க. செஞ்சவுகளே உக்காந்து தாங்கிருச்சுன்னா, அதுக்குப் பொறவு நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

அட்டிமேல் பலகை போடப்பட்டது. லோடுமேன்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்கள். என் எடையை இங்கே எழுதுவதாக இல்லை. புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு, பெருமாளே என்று உள்ளுக்குள் கூப்பிட்டேன், இந்த விஷயத்தில் அவரைக் கூப்பிடலாமா என்ற சந்தேகத்தோடு. உட்கார்ந்தேன். பலகை லேசாக முனகியது. எனக்குக் கீழே எங்கோ காகிதம் அழுந்தும் சத்தம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

"எவ்வளவு நேரம்?" என்றேன்.

"மாலத்தீவு மூணு நாளு," என்றார். அப்புறம் மனமிரங்கி, "ஒரு டீ குடிச்சு முடிக்க மட்டும் இருங்க" என்றார்.

டீ வந்தது. கொதிக்கக் கொதிக்க இருந்தது. வேண்டுமென்றேதான் அப்படி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். நான் ஊதி ஊதிக் குடித்தேன். முட்டை வாடையைக்கூடத் தாங்காத குடும்பத்தில் பிறந்தவள், நூற்றெண்பது முட்டையின்மேல் அடை உட்கார்ந்திருந்தேன். சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிகிரி முடித்து வேலைக்கு நேர்காணலுக்குப் போன அன்றுகூட எனக்கு இவ்வளவு வியர்த்ததில்லை.

டீ முடிந்தது. எழுந்தேன். லோடுமேன் மேல்தட்டை எடுத்து வைத்தார். முப்பதும் முழுசு. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதை எடுக்கும்போது நான் வாய்விட்டு எண்ண ஆரம்பித்திருந்தேன். அதிலும் உடையவில்லை. கடைசி, எல்லாப் பாரத்தையும் தாங்கிய தட்டு தரையில் இருந்தது. லோடுமேன் குனிந்தார். அண்ணாச்சி தடுத்தார்.

"அத அவுகளே பாக்கட்டும். அடியில விரிசல் இருக்கான்னு ஒண்ணு ரெண்ட எடுத்துப் பாருங்க டீச்சர். நாங்க எடுத்து உடைஞ்சா, நாங்கதான் உடைச்சோம்னு சொல்லுவீய."

எல்லோரும் காத்திருந்தார்கள். நான் முட்டையைத் தொடாதவள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எலுமிச்சம்பழம் என்று நான் சொன்ன அன்றே தெரிந்திருக்க வேண்டும். நான் குனிந்து, வலது கையை நீட்டி, நடுவிலிருந்த ஒரு முட்டையை எடுத்தேன். நான் நினைத்த மாதிரி வழவழப்பாக இல்லை, மெல்லிய சொரசொரப்பு. லேசாகக் குளிர்ந்திருந்தது. அடியைப் பார்க்கத் திருப்பினேன். விரிசல் இல்லை. குழியும் ஓட்டையில்லாமல் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று மனசு குதித்த குதியில் என் கட்டைவிரல் கொஞ்சம் அழுத்திவிட்டது.

நொறுங்கியது. வெள்ளைக்கரு விரலிடுக்கில் இறங்கி, மஞ்சள்கரு மணிக்கட்டு வளையல் வரை வழிந்தது. நான் கையை நீட்டியபடியே நின்றேன்.

"அந்த ஒண்ணு தட்டுக் கணக்குல வராது," என்றார் அண்ணாச்சி. அவர் குரலில் கேலி இல்லை. மேஜைக்குப் போய், பேடில் ஆர்டர் எழுதி, கிழித்துக்கொண்டு வந்தார். என் கையைப் பார்த்தார். "குழாய் அந்தக் கடைசில இருக்கு. கழுவிட்டு வந்து வாங்கிக்கிடுங்க."

குழாய் ரொம்ப தூரத்தில் இருந்தது. இடது கையால் வாங்க முடியாது. போய் வருவதற்குள் இந்த மனுஷர் இன்னொரு பரீட்சை யோசித்துவிடுவார். நான் வலது கையையே நீட்டினேன். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டுக் காகிதத்தை அந்த விரல்களுக்கு நடுவே வைத்தார்.

வெளியே தூறல் நின்றிருந்தது. என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டினார். காகிதத்தைக் கொடுத்தேன். படித்தார். மூலையில், கல்யாணப் பத்திரிகையில் தடவுவது போல, மஞ்சளாக என் கட்டைவிரல் பதிந்திருந்தது, இன்னும் ஈரமாக. அது என்ன என்று அவருக்குத் தெரிந்தது. என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அதைத் துடைக்காமலே நான்காக மடித்து, தன் வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.